முப்பத்தொரு டிகிரி

நான் பிறந்த ஆண்டு
கொம்பு ஒடியக் காய்த்ததாம் பிளம்.
அப்பா நூற்றிருபது லிட்டர் வடித்தார்.
தலைவடியை ஜன்னல் துடைக்க ஒதுக்கி,
வால்வடியை அடுத்த கொப்பரைக்கு வைத்து,
நடுவில் ஓடியதை மட்டும்
முசுக்கட்டைப் பீப்பாயில் ஊற்றி அடைத்தார்.
மூடியில் சுண்ணக்கட்டியால் என் பெயர்: விதோசவா.
அதற்குக் கீழே: ஐம்பத்திரண்டு.
எங்கள் வீட்டில் பெண் பிறந்தால் அப்படித்தான்.
கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் திறப்பு.

முப்பத்தாறு வயதுவரை
நான் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்பது
அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

மரம் தன் மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது,
பதிலுக்குக் கொஞ்சம் குடித்தது.
ஊரில் கேட்டவர்களுக்கு அப்பா சொல்வார்:
"மெதுவா வரட்டும். சரக்குக்கு நல்லது."

வெள்ளிக்கிழமை திறந்தோம்.
குப்பியில் கொஞ்சம் எடுத்துக் குலுக்கினார்.
கழுத்தோரம் குமிழ்மணிகள் கோவையாக நிற்க வேண்டும்,
உதட்டுக்குள் ஒரு ஜெபம் முடியும்வரை.
மூன்று நின்றன.
அவையும் பஸ்ஸுக்கு நேரமானதுபோல் கிளம்பின.

அளவுமானியை இறக்கினார்.
கழுத்துவரை மூழ்க வேண்டியது
இடுப்போடு நின்றுவிட்டது,
குளிர்ந்த ஆற்றில் இறங்கியவன் மாதிரி.
முப்பத்தொன்று.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.
முப்பத்தொன்று.

மரம் குடித்தால் மட்டம் இறங்கும்.
இங்கே விளிம்புவரை இருந்தது.
"எந்த மரம்
குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தி வைக்கும்?"
யாரையும் பார்க்காமல் கேட்டார்.

சித்தப்பா மிலிசாவ் முதலில் இருமினார்.
நோட்டில் பூஜ்யங்கள் பெருகிய அந்தக் குளிர்காலம்,
டிராக்டருக்கு டீசல் இல்லை,
டீசல்காரன் நோட்டைத் தொடவில்லை.
பத்து லிட்டர்.
பன்னிரண்டாகவும் இருக்கலாம்.

தம்பி ராதிவோய்:
பட்டாளத்துக்குப் போகும் முந்தின இரவு,
நண்பர்கள் ஆறு பேர், ரப்பர் குழாய் ஒன்று.

அம்மா கையில் மாவோடு வந்து நின்றாள்.
"இவ நெஞ்சுச் சளியெல்லாம்
எதுல இறங்குச்சுன்னு நெனைச்சீங்க?"
துணி நனைத்து நனைத்துப் போட்டாளாம்.
ஒரு கரண்டி எடுத்தால் ஒரு கரண்டி ஊற்றுநீர்,
கணக்குத் தவறாமல்.

நானும் சொன்னேன்.
பத்தொன்பது வயது.
எனக்கென்று வைத்திருப்பது எப்படியிருக்கும் என்று
பார்க்க வேண்டாமா?
நெருப்பாக இருந்தது.
மறுநாளும் போய்ப் பார்த்தேன்.

பிறகு எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.
அளவுமானியைத் துணியில் சுற்றினார்,
அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.
"நோவி சாத் பையன் வேண்டாம்னு
சூட்கேஸோட நீ திரும்பி வந்த ராத்திரி.
உன் ரூம்ல லைட் அணையவே இல்ல.
அணையற வரைக்கும் நான் கீழ உக்காந்திருந்தேன்."
எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

மறுபடி காய்ச்சலாம் என்றார் சித்தப்பா.
வெளியே வாங்கலாம் என்றான் ராதிவோய்.
நான் மாட்டேன் என்றேன்.

சனிக்கிழமை அதையே ஊற்றினோம்.
பாதிரியார் மூன்றாம் முறை கோப்பை நீட்டினார்;
இவ்வளவு சாதுவான பிளம்மை அவர் கண்டதில்லையாம்.
ஓக்னியென் லோஸ்னிட்சா பஸ் ஓட்டுகிறவன்,
எதையும் நிதானமாகத்தான் செய்வான்.
என் கண்ணைப் பார்த்து "ஜீவெலி" சொல்லி
ஒரு வாய் வைத்துவிட்டுக்
காதருகே குனிந்தான்:
"கிணத்துத் தண்ணி மாதிரி இருக்கே."
"ஊற்று," என்று திருத்தினேன்.

எல்லோரும் போனபின்
விளையாட்டுக்கு யாரோ ஒளித்துவைத்த என் செருப்பைத் தேடி
நிலவறைக்கு இறங்கினேன்.
அம்மா காலிப் பீப்பாயில்
வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
காய விட்டால் பலகை சுருங்கும், மூட்டு விடும்.
பளிச்சென்று விளக்குப் போட்டிருந்தாள்.
என்னைப் பார்த்ததும்
பழக்கதோஷத்தில்
வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.